பழைய பாடலா, இடைக்காலப் பாடலா, 80களா: நிகழ்ச்சிக்கு எந்தப் பெயர் பொருந்தும்?

"பழைய பாடல்கள்" என்று அறிவித்துவிட்டு 1994ஆம் ஆண்டுப் பாடலைப் போட்டால், எழுபது வயது நேயர் அழைத்து, "இதுவா தம்பி பழைய பாட்டு? டிஎம்எஸ் எங்கே?" என்பார். அதே நேரத்தில் 1958ஆம் ஆண்டுப் பாடலைப் போட்டால் அவருடைய மகள் வேறு பக்கம் திருப்பிவிடுவார். அவருக்குப் பழைய பாட்டு என்றால் ராஜா பாட்டு. இருவரும் சொல்வது சரிதான். தப்பு அந்தப் பெயரில் இருக்கிறது.

இணைய வானொலி தொடங்குகிறவர்கள், சமூக மன்றத்தில் பாடல் மாலை நடத்தும் தொண்டூழியர்கள், மூத்தோர் நிலையத்துக்கு வாராவாரம் பட்டியல் போட்டுக் கொடுப்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. "பழைய, இடைக்கால, புதிய என்று பிரிக்கலாமா? 80கள், 90கள் என்று போடலாமா? எம்எஸ்வி நேரம், ராஜா நேரம் என்று வைக்கலாமா?" என்று கேட்டுவருகிறார்கள். ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் நன்றாக ஓடும், இன்னோர் இடத்தில் காலை வாரும்.

## பெயர்கள் எங்கிருந்து வந்தன

வானொலி உலகில் புழங்கும் பெயர்களில் பாதி அமெரிக்காவில் பிறந்தவை. "ஓல்டீஸ்" என்றால் அங்கே 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் தொடக்கம்வரை வந்த ராக் அண்ட் ரோல், சோல், பாப் பாடல்கள். நியூயார்க்கின் டபிள்யூசிபிஎஸ் எஃப்எம் 1972இல் ஓல்டீஸுக்கு மாறி முப்பது ஆண்டுகளுக்குமேல் அப்படியே ஓடியது. 2005 ஜூனில் அதைக் கைவிட்டு, பல காலப் பாடல்களைக் கலந்து போடும் "ஜாக்" முறைக்குப் போனது. நேயர்கள் கொதித்தார்கள். 2007 ஜூலையில் நிலையம் திரும்பி வந்தபோது ஓல்டீஸ் என்ற சொல் காணாமல் போயிருந்தது. "கிளாசிக் ஹிட்ஸ்" என்ற பெயரில், 1964க்கு முந்திய பாடல்களை வெகுவாகக் குறைத்துக்கொண்டு, 70களும் 80களும் நடுவில் வந்து உட்கார்ந்தன.

காரணம் விளம்பரம். விளம்பரதாரர்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் 25 முதல் 54 வயதுவரையுள்ள நேயர்களுக்கு. 1960இல் பதினைந்து வயதில் இருந்தவர் 2000இல் அந்த வரம்பைத் தாண்டிவிட்டார். அவரோடு அவருடைய பாட்டும் வெளியே போனது. அங்கே பாட்டின் வயதைப் பார்த்து யாரும் பெயர் வைப்பதில்லை, கேட்கிறவரின் வயதைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

நிலையத்துக்குள் புழங்கும் இரண்டு சொற்களும் பயன்படும். "கோல்ட்" என்றால் நிலைத்துவிட்ட பழைய பாடல்களின் கையிருப்பு. "ரிகரண்ட்" என்றால் புதுப்பாட்டு வரிசையிலிருந்து இறங்கியும் இன்னும் சலிக்காத, ஓரிரண்டு ஆண்டு வயதான பாடல். தமிழ் நிகழ்ச்சிகளில் இந்த இரண்டாவது வகைக்குப் பெயரே கிடையாது. அதனால் புதுசிலும் சேராமல் பழசிலும் சேராமல் இரண்டு வயதுப் பாடல் அநாதையாக நிற்கிறது.

சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் வயதுக்கேற்ற தனித்தனி நிலையங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் கோல்ட் 905, சீனத்தில் கேப்பிட்டல் 958, 2018இல் வந்த ஹாவ் எஃப்எம் 96.3 என்று மூத்த நேயருக்கு வீடு உண்டு. தமிழுக்குப் பண்பலையில் ஒலி 96.8 ஒன்றுதான். எட்டு வயதும் எண்பது வயதும் ஒரே அலைவரிசையில். அமெரிக்காவில் நிலையத்துக்கு ஒட்டும் பெயர் இங்கே மணி நேரத்துக்குத்தான் ஒட்டும். எஃப்எம்மைத் தாண்டி இணையத்தில் தனி ஓடை, அதாவது இடைவிடாமல் பாட்டு ஓடும் ஒலிபரப்பு, தொடங்க நினைப்பவர்களுக்குத்தான் முழுநேரப் பெயர் தேவைப்படுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

ஒன்று, நேயர் பெயரைக் கேட்டவுடன் "இது நமக்கு" என்று உணர வேண்டும். இரண்டு, எல்லையில் நிற்கும் பாட்டை உள்ளே விடுவதா வெளியே நிறுத்துவதா என்று பட்டியல் போடுகிறவர் அரை நிமிடத்தில் முடிவு செய்ய முடிய வேண்டும். மூன்று, சலிக்காமல் ஓடும் அளவுக்குப் பாடல்கள் அந்தப் பெயருக்குள் கிடைக்க வேண்டும். நான்கு, ஐந்து ஆண்டுக்குப் பிறகும் பெயர் பொருந்த வேண்டும். ஐந்து, தரவு வேலை கைமீறக் கூடாது.

முதலாவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுதான் மனத்தில் ஆழமாகப் பதிகிறது. பிறந்த ஆண்டோடு 15ஐயும் 25ஐயும் கூட்டினால் ஒருவரின் "தன் பாட்டு" காலம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். இங்கே சிங்கப்பூரில் அரசாங்கம் முன்னோடித் தலைமுறை என்று சொல்வது 1949 இறுதிக்குள் பிறந்தவர்களை. 1945இல் பிறந்தவருக்கு 1960 முதல் 1970 வரை. மெர்டேக்கா தலைமுறை 1950களில் பிறந்தவர்கள். 1955இல் பிறந்தவருக்கு 1970 முதல் 1980 வரை, அதாவது பாதி எம்எஸ்வி, பாதி இளையராஜா. 1975இல் பிறந்தவருக்கு 1990 முதல் 2000 வரை. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருக்கும் 1990இல் பிறந்த தம்பிக்கு 2005 முதல் 2015 வரை. அவரிடம் "பழைய பாட்டு போடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கினால் யுவன் பாட்டு வரும். அதைத் திருத்த வேண்டிய அவசியம் இல்லை.

## வழி 1: பழைய, இடைக்கால, புதிய

தமிழ் வானொலி நேயர்களுக்கு மிகப் பழக்கமான பிரிப்பு இது. சொல்வதற்கு எளிது, விளக்கம் தேவையில்லை, அறிவிப்பாளர் வாயில் தமிழாகவே வரும். ஆனால் மூன்று சொற்களுமே நகர்ந்துகொண்டிருப்பவை. 1990இல் இடைக்காலம் என்றால் 60களின் பிற்பகுதியும் 70களும். இன்று பெரும்பாலோர் வாயில் அது 80களும் 90களின் முற்பகுதியும். அப்படியானால் 70கள் எங்கே போயிற்று? பழசுக்குள் தள்ளப்பட்டுவிட்டது. ஆனால் 70களைக் கேட்டு வளர்ந்தவர் அதைப் பழசு என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

மறைந்திருக்கும் செலவு, ஆட்களுக்கு ஆட்கள் மாறும் எல்லை. மூன்று பேர் மாறி மாறிப் பட்டியல் போட்டால் ஒருவர் 1975இல் கோடு போடுவார், ஒருவர் 1985இல், ஒருவர் "எனக்குப் பிடித்தால் அது இடைக்காலம்" என்பார். இந்த வழியை எடுப்பதானால் எழுதி ஒட்டிவிடுங்கள்: பழையது 1975வரை, இடைக்காலம் 1976 முதல் 1999 வரை, அதற்குமேல் புதியது. நேயருக்கு ஆண்டைச் சொல்ல வேண்டாம், உள்ளே இருப்பவர்களுக்குச் சொன்னால் போதும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கோட்டை மறுபார்வை செய்ய நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் 2003ஆம் ஆண்டுப் பாட்டை இன்னும் "புதிய பாடல்" என்று அறிவித்துக்கொண்டிருப்பீர்கள்.

பல வயதினர் ஒன்றாக உட்காரும் இடத்துக்கு, ஒரே நாளில் மூன்று நேரப் பகுதிகள் இருக்கும் நிகழ்ச்சிக்கு இது பொருந்தும்.

## வழி 2: பத்தாண்டுப் பெயர்

60கள், 70கள், 80கள், 90கள். எல்லைத் தகராறே கிடையாது. ஆண்டைப் பார்த்தால் முடிந்தது. இளையவர்களுக்கு "80ஸ்", "90ஸ்" என்பவை இப்போது உடை, விளையாட்டு, மிட்டாய் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்ட சொற்கள் என்பதால் விளம்பரத் தாளிலும் எடுபடும். சமூக மன்றப் பாடல் மாலைக்குச் சீட்டு விற்க வேண்டுமானால் இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

ஆனால் தமிழ்த் திரையிசை பத்தாண்டுக் கணக்கில் வளரவில்லை. 1970க்கும் 1979க்கும் இடையே ஒரு பெரிய பிளவு ஓடுகிறது. 1976இல் "அன்னக்கிளி" வந்தபிறகு வாத்தியமும் தாளமும் பாடும் விதமும் மாறின. "70கள்" என்று பெயரிட்ட ஒரு மணி நேரத்தில் 1971ஐயும் 1979ஐயும் அடுத்தடுத்துப் போட்டால் இரண்டு வேறு நிகழ்ச்சிகளை ஒட்டி வைத்ததுபோல் இருக்கும். 90களும் அப்படியே: 1991ஐயும் 1993ஐயும் பிரிப்பது 1992இல் வந்த "ரோஜா". 80கள் ஒன்றுதான் ஏறக்குறைய ஒரே குரலில் ஒலிக்கும் பத்தாண்டு. அதனால்தான் "80கள்" நிகழ்ச்சிகள் எங்கும் நன்றாக ஓடுகின்றன, "70கள்" தடுமாறுகின்றன.

இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. 70களைப் பாதியில் மடித்து, ஒரு பாதியை 60களோடும் மறு பாதியை 80களோடும் சேர்த்துவிடுங்கள். "60களும் 70களும்" என்று பெயர் இருக்கட்டும், பட்டியலில் 1975ஐத் தாண்ட வேண்டாம்.

இந்த வழியின் மறைந்த செலவு ஆண்டுத் தரவு. அது பெரிது. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

## வழி 3: இசையமைப்பாளர் காலம்

தமிழ் நேயர்கள் உண்மையில் காலத்தைப் பிரிப்பது இப்படித்தான். "எம்எஸ்வி காலத்துப் பாட்டு", "ராஜா பாட்டு", "ரகுமான் வந்த பிறகு". இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ வானொலிகள் பாடகரையும் குழுவையும் வைத்துக் காலம் பிரிக்கும். நம்மிடம் பாடகர் குரல் முப்பது நாற்பது ஆண்டு தொடர்ந்து ஓடுகிறது, மாறுவது இசையமைப்பாளர். 1969இல் தமிழுக்கு வந்த எஸ்பிபியின் குரல் இந்த மூன்று காலங்களையும் கடந்து வருகிறது. அந்தக் குரலை வைத்து எந்தக் கோடும் போட முடியாது.

கோடுகள் தாமாகவே விழுந்து கிடக்கின்றன. 1952 முதல் 1965 வரை விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர். 1965இல் பிரிந்த பிறகு எம்எஸ்வி தனியாக. 1976இல் இளையராஜா. 1992இல் ரகுமான். 1997இல் யுவன், 2001இல் ஹாரிஸ், 2012இல் அனிருத். இவற்றில் எதை எடுத்தாலும் நேயருக்கு ஒலி உடனே தெரியும். ஒரு பாட்டிலேயே நிகழ்ச்சி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

மறைந்த செலவுகள் இரண்டு. முதலாவது, பெயரில் இல்லாதவர்கள் மறைந்துபோகிறார்கள். "எம்எஸ்வி காலம்" என்றால் கே.வி. மகாதேவன், வி. குமார் போன்றோர் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். "ராஜா காலம்" என்றால் சங்கர்–கணேஷ், சந்திரபோஸ், டி. ராஜேந்தர் மெட்டுகள் காணாமல் போகும். "ரகுமான் காலம்" என்றால் தேவாவும் வித்யாசாகரும். எல்லோருக்கும் நினைவிருக்கும் பாடல்கள் இவர்களிடம் ஏராளம். பெயரை "காலம்" என்று முடித்து, உள்ளே நான்கில் ஒரு பாட்டாவது வேறு இசையமைப்பாளருடையதாக இருக்க வேண்டும் என்று விதி வைப்பது நல்லது. 1940களின் பாகவதர் பாடல்களும் ஜி. ராமநாதன் மெட்டுகளும் எந்தக் காலப் பெயருக்குள்ளும் அடங்காமல் நிற்கும். அவற்றை மாதம் ஒரு சிறப்பு நேரமாக வைப்பதுதான் மரியாதை. வாராவாரப் பட்டியலில் நடுவில் செருகினால் ஒலித்தரம் இடறும்.

இரண்டாவது, காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. 1976க்குப் பிறகும் எம்எஸ்வி பல ஆண்டு இசையமைத்தார். 1986இல் "மெல்லத் திறந்தது கதவு" படத்துக்கு அவரும் இளையராஜாவும் சேர்ந்தே இசையமைத்தார்கள். அதை எங்கே வைப்பது? இரண்டிலும் வைக்கலாம். ஆளை வைத்துப் பிரிக்கும்போது ஆண்டைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

உள்ளூர்ப் பாடல்களுக்கும் இந்த வழியில் இடமில்லை. இங்கேயே எழுதி இசையமைத்துப் பாடிய பாடல்கள், தொலைக்காட்சித் தொடர்களின் தலைப்புப் பாடல்கள் எந்த "காலத்திலும்" வரா. சிங்கப்பூரில் நடத்தும் நிகழ்ச்சிக்கு இது ஒரு குறைதான். வாரத்துக்கு ஒரு பாட்டு என்று தனி இடம் ஒதுக்காவிட்டால் யாரும் நினைக்கப் போவதில்லை.

வாரம் ஒருமுறை, ஒன்று அல்லது இரண்டு மணி நேரம், பேசத் தெரிந்த அறிவிப்பாளர் இருக்கும் நிகழ்ச்சிக்கு இதையே எடுக்கலாம். பேச விஷயம் தானாக வரும்.

## வழி 4: நகரும் வயது

"25 ஆண்டு ஆகிவிட்டால் பழைய பாட்டு" என்ற விதி. கணினிக்கு மிகவும் பிடித்த வழி. ஒவ்வொரு ஜனவரியும் ஓர் ஆண்டு உள்ளே வரும். மேல்வரம்பும் வைத்தால் ஓர் ஆண்டு வெளியே போகும். பாட்டின் வயது 25 முதல் 50 வரை என்று வைத்தால் 2026இல் 1976 முதல் 2001 வரை. தற்செயலாக ராஜா வந்த ஆண்டில் தொடங்கி ஹாரிஸ் வந்த ஆண்டில் முடிகிறது. அழகாகத்தான் இருக்கிறது. 2027 ஜனவரியில் என்ன ஆகும்? 1976 வெளியே போய்விடும். "அன்னக்கிளி"யை வெளியேற்றிவிட்டு ராஜா பாடல் நிகழ்ச்சி நடத்தப் போகிறீர்களா?

அதைவிடப் பெரிய கேடு: 1951இல் பிறந்த மெர்டேக்கா நேயரின் பாடல் காலம் 1966 முதல் 1976 வரை. இந்தச் சாளரம் அவரை ஏறக்குறைய முழுவதுமாக வெளியே நிறுத்திவிடுகிறது. முன்னோடித் தலைமுறைக்கு ஒரு பாட்டுகூடக் கிடைக்காது. 54 வயதோடு கதவை மூடும் விளம்பரக் கணக்கிலிருந்து பிறந்த பழக்கம் இது. மூத்தோருக்காக நடத்தும் நிகழ்ச்சிக்கு அந்தக் கதவு எதற்கு? தமிழில் 60களின் பாட்டு வீட்டில் தாத்தா பாட்டியோடு சேர்ந்து பேரப்பிள்ளைகள் காதிலும் விழுகிறது, கல்யாண மேடையில் பாடப்படுகிறது. அதற்கு வயது வரம்பு வைப்பது வீண்.

எனவே முன்பக்கக் கோட்டை மட்டும் நகர விடுங்கள், பின்பக்கத்தைத் திறந்து வையுங்கள். 24 மணி நேரமும் ஆளில்லாமல் ஓடும் இணைய ஓடைக்கு இந்த வடிவம் நல்லது. பெயரில் எண் வேண்டாம். "25 ஆண்டு முன்" என்று பெயர் வைத்தால் நேயர் ஒவ்வொரு பாட்டுக்கும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

## வழி 5: உணர்வுப் பெயர்

பொற்காலப் பாடல்கள், காலத்தால் அழியாதவை, இனிய மெட்டுகள், எவர்கிரீன் ஹிட்ஸ். இவை வயதாகாத பெயர்கள், யாரையும் கிழவராக்காத பெயர்கள். ஆங்கிலத்தில் "கோல்ட்" செய்யும் வேலையைத் தமிழில் "பொற்காலம்" செய்கிறது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பெயர் சொல்லாததால் பட்டியல் போடுகிறவரின் ரசனையே நிகழ்ச்சியாகிவிடும். பெரும்பாலும் நடப்பது இது: "இனிமை" என்றதும் மெதுவான பாட்டுகளாகவே சேரும். எல்.ஆர். ஈஸ்வரியின் துள்ளல் பாடல்களும் நகைச்சுவைப் பாடல்களும் வெளியே நிற்கும். நான்கு மெதுவான பாடல்கள் தொடர்ந்து வந்தால் மூத்தோர் நிலையத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மூன்றாவது பாட்டு வேகமானதாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் இது சரியாகும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | நேயருக்குப் புரிவது | எல்லைத் தெளிவு | கிடைக்கும் பாடல்கள் | பெயரின் ஆயுள் | தரவு வேலை |
|---|---|---|---|---|---|
| பழைய, இடைக்கால, புதிய | உடனே, ஆனால் ஆளுக்கு ஒரு பொருள் | குறைவு, எழுதி வைத்தால் தேறும் | ஏராளம் | சுமார் 5 ஆண்டுக்கு ஒருமுறை திருத்தம் | நடுத்தரம் |
| பத்தாண்டு | உடனே | மிகத் தெளிவு | போதுமானது | மாறாது, நேயர்தான் மூப்படைவார் | மிக அதிகம் |
| இசையமைப்பாளர் காலம் | ஒரு பாட்டிலேயே | தெளிவு, ஓரங்களில் இரட்டை | காலத்தைப் பொறுத்தது | மாறாது | குறைவு |
| நகரும் வயது | பெயரில் தெரியாது | கணக்கில் தெளிவு | ஆண்டுதோறும் கூடும் | நீண்டது | அதிகம் |
| உணர்வுப் பெயர் | மங்கல் | இல்லை | ஏராளம் | மிக நீண்டது | குறைவு, ரசனை வேலை அதிகம் |

## பெயரைத் தாண்டிய வேலைகள்

ஆண்டு. கோப்பில் இருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். 1962ஆம் ஆண்டுப் பாடல் 1998இல் வந்த தொகுப்பு சிடியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் கோப்பில் 1998 என்று இருக்கும். இணையத் தளங்களில் மின்வடிவில் ஏற்றிய ஆண்டு வந்து உட்கார்ந்திருக்கும். அதை நம்பிப் பிரித்தால் சுசீலா பாடல் 90கள் பட்டியலில் வந்து விழும். படம் வெளியான ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிநாடா டிசம்பரிலும் படம் பொங்கலுக்கும் வந்த பாடல்களுக்கும் அதே விதி. ஒரு பாட்டுக்கு இரண்டு நிமிடம் செலவானாலும் 600 பாடலுக்கு 20 மணி நேரம். பத்தாண்டு வழியையோ நகரும் வழியையோ எடுப்பவர்கள் இதைத் தவிர்க்க முடியாது. இசையமைப்பாளர் வழியில் ஆண்டு தப்பாக இருந்தாலும் பாட்டு தன் இடத்தில்தான் இருக்கும்.

நீளம். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று முதல் மூன்றரை நிமிடந்தான் அடங்கும். அதனால் 50களின் பாடல்கள் பெரும்பாலும் அதற்குள் முடியும். 90களில் ஐந்து நிமிடம் சாதாரணம். ஐம்பது நிமிட இசைக்குப் பழைய பாட்டென்றால் 14, பிந்தியதென்றால் 10. ஒரே அச்சுப் பட்டியலை இரண்டுக்கும் பயன்படுத்தினால் ஒன்றில் நேரம் மிஞ்சும், மற்றதில் கடைசிப் பாட்டு வெட்டுப்படும்.

சுழற்சி. இணைய ஓடையில் மணிக்கு 12 பாட்டு, கையிருப்பு 576 என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுநாள் போடாத பாட்டை முதலில் எடுக்கும் முறையில் மென்பொருள் ஓடினால் சரியாக 48 மணி நேரத்தில் சுற்று முடியும். காலை ஏழு மணிக்குப் பேருந்தில் கேட்கிறவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் அதே பாடல்கள். "நூறு பாட்டைத்தான் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள்" என்பார். 600 ஆக்கினால் சுற்று 50 மணி நேரம். ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும், புகார் நின்றுவிடும். சுற்று நேரம் 24இன் மடங்காக வராமல் பார்த்துக்கொண்டால் சரி. வாரம் இரண்டு மணி நேரம், 22 பாட்டு என்றால் 300 பாடலே போதும். ஆண்டுக்கு ஒரு பாட்டு நான்குமுறைக்குள் வரும்.

இடைவெளி விதி. வெளிநாட்டு மென்பொருளை அப்படியே போட்டால் ஒரே பாடகர் ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப வரக் கூடாது என்ற விதி பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். 80கள் பட்டியலில் அதை விட்டுவைத்தால் எஸ்பிபி, ஜானகி இருவரும் மணிக்கு ஒருமுறைதான் வர முடியும். மென்பொருள் பாட்டு கிடைக்காமல் திணறி, யாருக்கும் தெரியாத பாடல்களைத் தேடி எடுக்கும். பாடகர் இடைவெளியை 10 நிமிடமாக்குங்கள். ராஜா காலத்துக்கு இசையமைப்பாளர் விதியை அணைத்துவிட்டு, ஒரே படம் நான்கு மணி நேரத்துக்குள் வரக் கூடாது என்று வையுங்கள். 60களுக்கு வேறு: டிஎம்எஸ் பாட்டை எம்ஜிஆருக்கானது, சிவாஜிக்கானது என்றுதான் நேயர் பிரிப்பார். நடிகர் பெயரைத் தனிக் கட்டத்தில் போட்டு, ஒரே நடிகர் அடுத்தடுத்து வராமல் விதி எழுத வேண்டும். இது தெரியாமல் மூன்று எம்ஜிஆர் பாடல்கள் தொடர்ந்தால் அது அரசியல் ஆகிவிடும்!

ஒலி அளவு. 50களின் ஒற்றைத்தட ஒலிப்பதிவுக்குப் பிறகு 2000களின் பாட்டு வந்தால் நேயர் திடுக்கிடுவார். இணைய ஓடைக்கு எல்லாக் கோப்புகளையும் −16 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்துவது வழக்கம். பழைய தட்டிலிருந்து எடுத்ததை அந்த அளவுக்கு ஏற்றும்போது இரைச்சலும் கூடவே ஏறும். அப்படிப்பட்டதை இரண்டு மூன்று அலகு தாழ்த்தியே விடுங்கள். இரைச்சல் நீக்கியை முழு வேகத்தில் ஓட்டினால் வயலின் தகரம்போல் ஒலிக்கும். தட்டு தப்பான வேகத்தில் சுழன்று பதிவான கோப்புகளும் உலவுகின்றன. பாகவதர் குரல் சிறுவன் குரல்போல் கேட்டால் தப்பு குரலில் இல்லை.

உரிமம். பழைய பாட்டுக்கு உரிமம் வேண்டாம் என்பது பரவலான தப்பெண்ணம். இந்தியச் சட்டத்தில் எழுதியவர் மறைந்து 60 ஆண்டு கணக்கு. 1981இல் மறைந்த கண்ணதாசன் வரிகளுக்கு அந்தக் கணக்கிலேயே 2041 இறுதிவரை காப்புரிமை உண்டு. சிங்கப்பூரில் பொது இடத்தில் போடவும் ஒலிபரப்பவும் மெட்டு, வரிகளுக்கு, படைப்பாளர்களின் உரிமையைக் கவனிக்கும் காம்பஸ் அமைப்பின் உரிமம் தேவை. ஒலிப்பதிவுக்கான உரிமை தனி. சமூக மன்ற நிகழ்ச்சி என்றால் இடத்துக்கு ஏற்கெனவே உரிமம் இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள். நீங்கள் தனியாகச் செலுத்த வேண்டியிருக்காமல் போகலாம்.

## எந்த இடத்துக்கு எது

மூத்தோர் நிலையத்தின் வாராந்தர ஒரு மணி நேரத்துக்கு இசையமைப்பாளர் காலம். அதுவும் 1952 முதல் 1975 வரை. வருகிறவர்களின் பிறந்த ஆண்டை வருகைப் பதிவில் பார்த்துவிட்டுக் கோட்டை நகர்த்துங்கள். பத்தாண்டுக்குள் இதே அறையில் ராஜா பாடல்கள்தான் ஒலிக்கப் போகின்றன.

சமூக மன்றப் பாடல் மாலைக்குப் பத்தாண்டு, முடிந்தால் 80கள். நேரடி இசைக்குழு வைத்தால் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே காலத்துப் பாடல்களுக்கு ஒரே வாத்தியத் தொகுதி போதும், நடுவில் ஒலிச்சமன் மாற்ற வேண்டியதில்லை.

விடுதியில் வெளிநாட்டு ஊழியர்களுக்கான ஞாயிறு நிகழ்ச்சிக்கு நேயர் விருப்பம். பெயரே வேண்டாம். வேண்டுமென்றால் "நம்ம ஊர்ப் பாட்டு" என்று வையுங்கள். "பழைய" என்று போட்டால் அவர்கள் கேட்க விரும்புவது ஒன்று, நீங்கள் போடுவது ஒன்று என்றாகிவிடும்.

24 மணி நேர இணைய ஓடைக்கு உணர்வுப் பெயரும் நகரும் முன்பக்கக் கோடும் சேர்ந்த கலவை. வெளியே "பொற்காலம்" என்ற வகையில் ஒரு பெயர், உள்ளே எண்களால் ஆன விதி. காலை நேரத்துக்கு 1975வரை, மதியத்துக்கு 1976 முதல் 1991 வரை, இரவுக்கு 1992 முதல் என்று மணி நேரத்தைப் பிரித்தால் ஒரே ஓடையில் மூன்று வயதினரும் தங்கள் நேரத்தைக் கண்டுகொள்வார்கள்.

பலர் சேர்ந்து நடத்தும் நாள்முழு நிகழ்ச்சிக்குப் பழைய, இடைக்கால, புதிய. எல்லை எழுதிய தாளை ஒலிமேடைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு.

பெயரை அறிவிக்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பத்துப் பாடல்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் இருபது நொடி போட்டு, நீங்கள் எதிர்பார்க்கும் வயதில் உள்ள ஐந்து பேரிடம் "இந்த நிகழ்ச்சியில் இது வரலாமா?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று பாடல்களில் கருத்து பிரிந்தால் கவலையில்லை. பாதிக்குமேல் பிரிந்தால், பெயரை மாற்ற அவசரப்படாமல், கோட்டை மட்டும் ஐந்தாண்டு முன்னோ பின்னோ நகர்த்தி மறுபடி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.